ஜனவரி மாதச் சம்பளச் சீட்டு

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கோயம்புத்தூரில் இருந்து இங்கிலாந்துக்கு முனைவர் பட்டம் படிக்க வந்திருக்கும் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, எங்க யுனிவர்சிட்டிலயே செமினார் எடுக்கிற வேலை கிடைச்சிருக்கு. முதல் சம்பளத்துலயே பென்ஷன்னு நாற்பது பவுண்டுக்கு மேல பிடிச்சிட்டாங்க. நான் படிப்பு முடிஞ்சதும் ஊருக்குப் போயிடுவேன். வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடவா?"

கொஞ்சம் பொறு, நாளைக்கு உட்கார்ந்து பேசலாம் என்றேன். ஏழு வருடத்துக்கு முன் இதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டேன். "எழுதிக் கொடுத்துடு" என்று அவர் சொன்னார், நானும் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தால் எவ்வளவு போனது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரிட்டனில் பல்கலைக்கழகங்களில் மணிக்கணக்கில் பாடம் எடுக்கும், விடைத்தாள் திருத்தும், ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆய்வு உதவி செய்யும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவளுக்குச் சொன்னதை அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் நிதி ஆலோசகர் இல்லை. என் சம்பளச் சீட்டுகளை வைத்துக்கொண்டு நானே கற்றுக்கொண்டது இது.

திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்த எனக்கு, பென்ஷன் என்றால் சர்க்கார் உத்தியோகம். எங்கள் தெருவில் பென்ஷன் வாங்கியவர்கள் ரிட்டயர்டு வாத்தியார்களும் தாலுகா ஆபீஸ்காரர்களும்தான். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கே பழைய பென்ஷன் கிடையாது. நான் அங்கே ஒரு தனியார் கல்லூரியில் இரண்டு வருடம் பாடம் எடுத்தபோது பி.எஃப். கூடப் பிடிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நிரந்தரமாக இருப்பவர்களுக்குத்தான் பென்ஷன், நம்மைப் போல வந்து போகிறவர்களுக்கு இல்லை என்ற எண்ணம் அப்போதே மனதில் ஊறிவிட்டது. 2018 அக்டோபரில் இங்கே முதல் முறையாக மணிக்கூலி ஆசிரியராகச் சேர்ந்தபோதும் அதே எண்ணத்தோடுதான் சேர்ந்தேன்.

அந்தப் பல்கலைக்கழகம் 1992-க்குப் பிறகு பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அந்த வகையில் பாடம் எடுப்பவர்களுக்குப் பொதுவாக டீச்சர்ஸ் பென்ஷன் ஸ்கீம், அதாவது பள்ளி ஆசிரியர்களுக்கு உள்ள அதே திட்டம். மணிக்கூலி ஆட்களையும், சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல், அதில் தானாகவே சேர்த்துவிட்டார்கள். 590 பவுண்டு வந்த மாதத்தில் 7.4 சதவீதம், அதாவது 43 பவுண்டு 66 பென்ஸ் பிடித்தம். ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு. எனக்கு ஒரு வருடம் சீனியரான நண்பர், "இங்கேயே இருக்கப் போறியா என்ன? ஆப்ட் அவுட் படிவம் போட்டுடு, பணம் திரும்ப வந்துடும்" என்றார். திட்டத்தில் இருந்து விலகும் அந்தப் படிவத்தைப் போட்டேன், பணமும் திரும்ப வந்தது. சந்தோஷப்பட்டேன்.

அந்த இடத்தில் மூன்று கல்வியாண்டுகள் பாடம் எடுத்தேன். மொத்தக் கூலி 10,260 பவுண்டு. அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு வருடமும் சம்பாதித்ததில் 57-ல் ஒரு பங்கு உங்கள் வருடாந்திர பென்ஷனாகச் சேர்கிறது. 10,260-ஐ 57-ஆல் வகுத்தால் 180. அதாவது ஓய்வு வயதில் இருந்து சாகும் வரை வருடத்துக்கு 180 பவுண்டு, அதுவும் விலைவாசிக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும். அதை விட்டுக்கொடுத்து நான் மிச்சப்படுத்தியது 759 பவுண்டு. ஓய்வு பெற்ற பிறகு நாலேகால் வருடம் இருந்தாலே நான் போட்ட பணம் வந்திருக்கும். மேற்கொண்டு வருவதெல்லாம் பல்கலைக்கழகம் என் பெயரில் கட்டியிருக்க வேண்டிய பணம். ஒன்று கவனியுங்கள்: ஆப்ட் அவுட் செய்யும்போது உங்கள் பங்கு மட்டும்தான் திரும்ப வரும், வேலை கொடுத்தவரின் பங்கு அப்படியே அவரிடம் போய்விடும். இன்று அந்தத் திட்டத்தில் அவர்களின் பங்கு 28.68 சதவீதம். கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு நான் முதலில் காட்டிய கணக்கு இதுதான்.

அப்புறம் சட்டம். 2008-ல் இயற்றிய பென்ஷன் சட்டத்தின்படி, 2012 அக்டோபரில் இருந்து பெரிய நிறுவனங்கள், அடுத்தடுத்து சிறியவை என 2018 பிப்ரவரிக்குள் பிரிட்டனில் எல்லா முதலாளிகளும் தங்களிடம் வேலை செய்பவர்களைத் தாமாகவே ஒரு பென்ஷன் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று ஆனது. இதை இங்கே ஆட்டோ என்ரோல்மென்ட் என்கிறார்கள். சட்டம் வேலை செய்பவர் என்று சொல்வதில், இத்தனை மணி நேரம் வேலை என்ற உறுதி இல்லாத ஜீரோ அவர்ஸ் ஒப்பந்தக்காரர், கேஷுவல், பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கப்படுபவர் எல்லாரும் அடக்கம். எந்த நாட்டுப் பாஸ்போர்ட், என்ன விசா என்பது கேள்வியே இல்லை. வயது 22-க்கு மேல் அரசு ஓய்வூதிய வயதுக்குள் இருக்க வேண்டும், அந்த வேலையில் வருடத்துக்கு 10,000 பவுண்டு என்ற கணக்குக்கு மேல் சம்பளம் வர வேண்டும். 2014 ஏப்ரலில் இருந்து இதே 10,000-தான் வரம்பு.

நம்மைப் போன்றவர்கள் இடறி விழும் இடம் இந்த வரம்புதான். இரண்டு விஷயம். வரம்பு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி. அதோடு, வருடக் கடைசியில் கூட்டிப் பார்ப்பதில்லை, மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு மாதாமாதம் பார்க்கிறார்கள். 10,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் 833 பவுண்டுதான் மாத வரம்பு.

முதல் விஷயம் என்னை எப்படி அடித்தது என்று சொல்கிறேன். 2024–25 கல்வியாண்டில் நான் மூன்று இடத்தில் பாடம் எடுத்தேன். என் கணவர் நர்ஸ், அவருடைய விசாவில் துணையாக இருந்ததால் நான் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். ஒரு பழைய, பெரிய பல்கலைக்கழகத்தில் சாதாரண மாதத்தில் 640 பவுண்டு. இரண்டாவது ஒரு பல்கலைக்கழகத்தின் துணை நிறுவனம் வழியாக 590. மூன்றாவது ஒரு சிறிய கல்லூரியில் 480. மொத்தம் 1,710 பவுண்டு. ஒரே இடத்தில் மாதம் 900 பவுண்டு வாங்குகிறவரைச் சட்டம் தானாகச் சேர்க்கும். ரயிலில் மூன்று ஊருக்கு அலைந்து கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு சம்பாதித்த என்னை ஒருவரும் சேர்க்கவில்லை. யாரும் சட்டத்தை மீறவில்லை, மூன்று இடமும் தனித்தனியே 833-க்குக் கீழ். எந்தக் கம்ப்யூட்டரும் மற்ற இரண்டைப் பார்க்கவில்லை. என் கணவரோ மருத்துவமனையில் சேர்ந்த முதல் மாதமே அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் பென்ஷனில் இருந்தார். எங்கள் வீட்டில் ஒரே மேஜையில் இரண்டு சம்பளச் சீட்டு கிடக்கும், ஒன்றில் பென்ஷன் என்ற வரி இருக்கும், மற்றதில் இருக்காது. அதை நான் ஒரு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு மருந்து இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஒரு வேலையில் மாதம் 520 பவுண்டுக்கு மேல், 833 வரை வாங்குகிறவர் தன்னைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் முதலாளி மறுக்க முடியாது, தன் பங்கையும் கட்டியே ஆக வேண்டும். இதுதான் ஆப்ட் இன். 520-க்குக் கீழே வாங்குகிறவரும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அவருக்காக முதலாளி பணம் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆக என் மூன்று வேலைகளில் இரண்டில் எனக்குக் கேட்கும் உரிமை முழுதாக இருந்தது.

இரண்டாவது விஷயம், மாதாமாதம் பார்ப்பது. இதுதான் எனக்குக் கதவைத் திறந்தது.

அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் மே மாதம் விடைத்தாள் திருத்திய கூலியும் சேர்ந்து 1,050 பவுண்டு வந்தது. சில நாளில் சம்பளம் போடும் பேரோல் அலுவலகத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல். நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், ஆனாலும் உங்களைச் சேர்ப்பதை மூன்று மாதம் ஒத்திவைக்கிறோம் என்று எழுதியிருந்தது. போஸ்ட்போன்மென்ட் என்று இதற்குப் பெயர், சட்டம் இதை அனுமதிக்கிறது. அதிகபட்சம் மூன்று மாதம், வரம்பைத் தாண்டிய நாளில் இருந்து ஆறு வாரத்துக்குள் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். மூன்று மாதம் முடியும் நாளில் மறுபடி சம்பளத்தைப் பார்ப்பார்கள். மே மாதம் தாண்டியவருக்கு அந்த நாள் கோடை விடுமுறையில் வந்து விழும். ஆகஸ்டில் எனக்கு வகுப்பே கிடையாது, சம்பளம் பூஜ்யம். அன்று பார்த்தால் நான் தகுதியில்லாதவள். பல்கலைக்கழகத்தில் மணிக்கூலிக்கு வேலை செய்பவர்களின் வருடம் எப்படி ஓடுகிறது என்பது தெரிந்தால் இந்த ஒத்திவைப்பு நமக்கு எவ்வளவு பாதகமானது என்பது புரியும்.

அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசிப் பத்தியில், ஒத்திவைப்புக் காலத்திலேயே நீங்கள் விரும்பினால் சேரலாம் என்று இருந்தது. அந்த வரி எல்லா ஒத்திவைப்புக் கடிதத்திலும் இருக்க வேண்டும், இருக்கும். சரி, சேரலாம் என்று நினைத்தபோதுதான் இன்னொரு யோசனை வந்தது. மே மாதம் தாண்டியதற்குக் கடிதம் வந்ததே, ஜனவரியில் ஏன் வரவில்லை?

நவம்பரில் எடுத்த வகுப்புகளுக்கான கணக்கைத் துறை அலுவலகம் தாமதமாக அனுப்பியிருந்தது. அதனால் அந்தப் பணமும் டிசம்பர் பணமும் ஒன்றாகச் சேர்ந்து ஜனவரிக் கடைசியில் 1,180 பவுண்டாக வந்தது. டிசம்பரில் கையில் காசில்லாமல் கிறிஸ்துமஸைக் கழித்த எரிச்சலில் அந்தச் சீட்டை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. எந்த மாதம் வேலை செய்தோம் என்பதை விட எந்த மாதச் சம்பளத்தில் பணம் வருகிறது என்பதுதான் இந்தக் கணக்குக்கு முக்கியம். ஆக ஜனவரியில் நான் 833-ஐத் தாண்டிவிட்டேன். ஒத்திவைப்புக் கடிதம் இல்லை. அப்படியானால் ஜனவரியிலேயே என்னைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்திருந்தால், அடுத்த மாதம் சம்பளம் குறைந்தாலும் நான் வெளியே தள்ளப்பட மாட்டேன். ஒருமுறை சேர்ந்துவிட்டால், அந்த வேலை இருக்கும்வரை, நாமாக விலகாதவரை, உறுப்பினர்தான். ஒரே ஒரு கொழுத்த மாதம் போதும். இந்த வேலையில் எல்லாருக்கும் வருடத்தில் அப்படி ஒரு மாதமாவது வரும்: கட்டுரை திருத்தும் மாதம், பாக்கி சேர்ந்து வரும் மாதம், கூடுதல் வகுப்பு எடுத்த மாதம்.

நான் எழுதிய மின்னஞ்சலை அப்படியே தமிழில் தருகிறேன், வேண்டியவர்கள் தங்கள் விவரத்தைப் போட்டு எழுதிக்கொள்ளலாம். "என் ஊழியர் எண் இது. ஜனவரி 2025 சம்பளக் காலத்தில் எனக்கு 1,180 பவுண்டு வழங்கப்பட்டது, இது தானாகச் சேர்க்கும் வரம்புக்கு மேல். அந்தக் காலத்துக்கு எனக்கு ஒத்திவைப்பு அறிவிப்பு எதுவும் வரவில்லை. என்னை அந்தத் தேதியில் இருந்து திட்டத்தில் சேர்த்தீர்களா, இல்லையென்றால் ஏன் என்று தெரிவியுங்கள்." ஜனவரி, மே இரண்டு சீட்டையும் இணைத்தேன்.

முதலில் வந்த பதில்: நீங்கள் கேஷுவல் ஊழியர், உங்கள் வருட வருமானம் 10,000-க்குக் கீழ், ஆகவே தகுதியில்லை. படித்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நாம்தான் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று. ஆசிரியர் சங்கமான யூசியுவின் எங்கள் கிளையில் ஓய்வு பெற்ற ஒரு அம்மா வழக்குகளில் உதவி செய்கிறார். அவரிடம் காட்டினேன். அவர் தம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வருட வருமானம் என்று யார் சொன்னார்கள்? சம்பளக் காலம் என்றல்லவா சட்டம் சொல்கிறது? இதையே ஒரு வரியில் திருப்பி எழுதுங்கள்" என்றார்.

அவர் சொன்ன கதையையும் இங்கே சொல்ல வேண்டும். எண்பதுகளில் மாலை வகுப்பு எடுத்தவர் அவர். அந்தக் காலத்தில் பகுதி நேர ஆட்களைப் பல பென்ஷன் திட்டங்கள் உள்ளேயே விடவில்லை. பகுதி நேர வேலையில் பெரும்பாலும் பெண்களே இருந்ததால் இது பால் பாகுபாடு என்று பல்லாயிரம் பேர் வழக்குப் போட்டார்கள். பிரெஸ்டன் வழக்கு என்று அதற்குப் பெயர். ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2001-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் முடிந்தது. 1976 ஏப்ரல் 8 வரை பின்னோக்கிப் போய் விடுபட்ட சேவையைக் கேட்கலாம் என்று தீர்ந்தது. பருவத்துக்குப் பருவம் புது ஒப்பந்தம் என்று துண்டு துண்டாக இருந்தாலும், தொடர்ந்து ஒரே இடத்தில் வேலை செய்கிற உறவு இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகக் காலக்கெடு வைத்து விரட்டக் கூடாது என்பதும் அந்த வழக்கில் வந்தது. "நாங்கள் இருபது வருஷம் பின்னால் போய்க் கேட்டோம், நீங்கள் ஜனவரிக்குத்தானே போகிறீர்கள்" என்று என்னை அனுப்பி வைத்தார். அவர் கையில் இப்போது வரும் பென்ஷனில் ஒரு பகுதி அந்த வழக்கால் வந்தது. எனக்கு அன்று தைரியம் வந்ததே அவரால்தான்.

அந்த ஒரு வரியை எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மணிக்கூலி ஆட்களில் மாணவ உதவியாளர் என்ற பிரிவில் என் பெயர் தவறாகப் போயிருந்ததால் ஜனவரிச் சோதனையில் விடுபட்டிருக்கிறது, வருந்துகிறோம், ஜனவரியில் இருந்தே சேர்க்கிறோம் என்றார்கள். பேரோலில் அந்த வேலையைச் செய்த பெண் மிகப் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். அவர்கள் மறுத்திருந்தால் அடுத்து நான் போயிருக்க வேண்டிய இடம், இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் பென்ஷன்ஸ் ரெகுலேட்டர். கடமையைச் செய்யாத முதலாளிக்கு 400 பவுண்டில் தொடங்கி நாள் கணக்கில் அபராதம் போடும் அதிகாரம் அதற்கு உண்டு, விட்டுப்போன பணத்தைக் கட்டவும் சொல்லும். ஆனால் முதலில் பேரோலுக்கு மரியாதையாக, தேதியோடு, சீட்டோடு எழுதுவதே பெரும்பாலும் போதும் என்பது என் அனுபவம்.

இப்போது பணத்தைப் பார்ப்போம். அந்தப் பல்கலைக்கழகத்தின் திட்டம் யூஎஸ்எஸ், பழைய பல்கலைக்கழகங்களுக்கான பெரிய திட்டம். 2018 பிப்ரவரி, மார்ச்சில் அறுபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் பதினான்கு நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அது இந்தத் திட்டத்தை உறுதியான பென்ஷனாக வைத்திருக்க நடந்தது. அப்போது நான் முனைவர் பட்ட மாணவி, பனியில் வாசலில் நின்று தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் பல வருடம் போராட்டம் நடந்தது. 2022-ல் குறைத்த பலன்களை 2024 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் இருந்து நாம் கட்டுவது 6.1 சதவீதம், பல்கலைக்கழகம் கட்டுவது 14.5 சதவீதம். சம்பாதித்ததில் 75-ல் ஒரு பங்கு வருடாந்திர பென்ஷன், ஓய்வு பெறும்போது அதைப் போல மூன்று மடங்கு மொத்தத் தொகை.

ஜனவரி முதல் ஜூன் வரை அங்கே எனக்கு வந்தது 4,240 பவுண்டு. என் பங்கு 258 பவுண்டு 64 பென்ஸ். பழைய மாதங்களுக்கான பாக்கியை ஒரே பிடியாகப் பிடிக்காமல் அடுத்த பருவத்தின் மூன்று சம்பளத்தில் பிரித்து எடுத்தார்கள், நான் கேட்டதால். அவர்கள் பங்கு 614 பவுண்டு 80 பென்ஸ். எனக்குச் சேர்ந்தது வருடத்துக்கு 56 பவுண்டு 53 பென்ஸ் பென்ஷனும், மூன்று மடங்காகச் சுமார் 170 பவுண்டு மொத்தத் தொகையும். சின்னத் தொகைதான். ஆனால் ஆறு மாதத்தின் கூலிக்கு வாழ்நாள் முழுக்க வருகிற தொகை. இப்படிப் பத்து வருடம் மணிக்கூலி வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது இடத்தில் அனுபவம் வேறு. துணை நிறுவனத்தின் திட்டம் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தில் நின்றது. அந்தக் குறைந்தபட்சம் மொத்தம் 8 சதவீதம், அதில் முதலாளி 3. அதுவும் முழுச் சம்பளத்தில் இல்லை, 520-க்கு மேல் உள்ள பகுதியில் மட்டும். 590-ல் 520 போக 70 பவுண்டு, அதில் 3 சதவீதம் 2 பவுண்டு 10 பென்ஸ். இதற்காகவா கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றும். நான் எழுதினேன். திருத்தும் கூலி சேரும் மாதங்களில் தொகை கூடும், ஒருமுறை உள்ளே போய்விட்டால் நாளை வேலை பெருகும்போது தானாகவே பிடிக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்: அதே 590 பவுண்டுக்கு யூஎஸ்எஸ்ஸில் முதலாளியின் பங்கு 85 பவுண்டுக்கு மேல். டீச்சர்ஸ் பென்ஷனில் 169. ஒரே வேலை, ஒரே பாடம், ஒரே கூலி. ஒப்பந்தத்தில் யார் பெயர் முதலாளி என்று இருக்கிறது என்பதில்தான் இத்தனை வித்தியாசமும். அதனால் வேலைக்குச் சேரும்போது மணிக்கு எவ்வளவு என்று கேட்பதோடு, எந்தப் பென்ஷன் திட்டம், பல்கலைக்கழகமே முதலாளியா அல்லது வேறு நிறுவனமா என்றும் கேளுங்கள். இது கேட்கக் கூடாத கேள்வி இல்லை. ஏஜென்சி வழியாகப் போனால் சம்பளம் கொடுக்கும் ஏஜென்சிக்குத்தான் இந்தக் கடமை.

மூன்றாவது இடத்திலும் கேட்டேன், 480 என்பதால் பங்கு கட்ட முடியாது என்றார்கள், விட்டுவிட்டேன். சில சண்டை போட நேரம் இருக்காது.

ஆப்ட் இன் கடிதம் எழுதுவதில் பெரிய வித்தை இல்லை. எழுத்தில் இருக்க வேண்டும், பெயர், ஊழியர் எண், தேசியக் காப்பீட்டு எண், என்னைப் பென்ஷன் திட்டத்தில் சேருங்கள் என்ற ஒரு வாக்கியம், கையெழுத்து, தேதி. முக்கியமானது நேரம். கேட்ட பிறகு வரும் சம்பளக் காலத்தில் இருந்துதான் கணக்குத் தொடங்கும், பழையதற்குப் போகாது. ஆகவே அக்டோபரில் வகுப்பு தொடங்கும்போதே எழுதுங்கள், மே மாதம் வரை வைத்திருக்காதீர்கள். செப்டம்பரில் புது ஒப்பந்தம் போட்டால், பழைய சேர்க்கை தொடர்கிறதா என்று முதல் சீட்டிலேயே பாருங்கள். எனக்கு ஒரு இடத்தில் புது ஊழியர் எண் கொடுத்துவிட்டார்கள், பிடித்தம் நின்றுவிட்டது, மறுபடி எழுத வேண்டியிருந்தது. இன்னொன்று, ஆப்ட் அவுட் செய்தவரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் சேர்ப்பார்கள் என்று சொல்வது உண்மைதான், ஆனால் அந்தச் சமயத்தில் சம்பளம் வரம்புக்கு மேல் இருந்தால்தான். 590 பவுண்டுக்காரியான என்னை 2018-க்குப் பிறகு அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

துறை அலுவலகத்தின் மின்னஞ்சல்களையும் பாருங்கள். ஒத்திவைப்புக் கடிதம் பல்கலைக்கழக முகவரிக்குத்தான் வரும், நம்மில் பலர் விடுமுறையில் அதைத் திறப்பதே இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் அந்த முகவரியையும் மூடிவிடுவார்கள். பென்ஷன் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் சொந்த மின்னஞ்சலையும் வீட்டு முகவரியையும் கொடுத்து வையுங்கள். அங்கேயே, வேலையில் இருக்கும்போது இறந்தால் யாருக்குப் பணம் போக வேண்டும் என்று பதிவு செய்யும் படிவம் இருக்கும். அம்மா பெயரை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது, ஆனாலும் எழுதினேன். மணிக்கூலி வேலையில் இருந்தாலும் உறுப்பினராக இருந்தால் அந்தப் பாதுகாப்பும் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

ஊருக்குத் திரும்பப் போகிறவர்களின் கேள்வி நியாயமானது. இந்தப் பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது. சேமிப்பாகச் சேரும் திட்டங்களில் இப்போது 55 வயது, 2028 ஏப்ரல் 6 முதல் 57. முன்னதாகவே எடுத்துத் தருகிறோம், இந்தியாவுக்கு மாற்றித் தருகிறோம் என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். பென்ஷன் பற்றி இப்படி அழைப்பது 2019 ஜனவரியில் இருந்து பிரிட்டனில் சட்டவிரோதம். ஆனால் நாடு விட்டுப் போனாலும் உங்கள் பணம் உங்களுடையதுதான், பிற்காலத்தில் உங்களைத் தேடி வரும், முகவரி தெரிந்திருந்தால். தொலைத்துவிட்டால் கண்டுபிடிக்க அரசின் பென்ஷன் டிரேசிங் சேவை இலவசம். சந்தேகம் கேட்க மணிஹெல்ப்பர் சேவையும் இலவசம்.

உண்மையிலேயே இந்த மாதம் வாடகைக்கு இல்லை என்றால் விலகுவதில் தவறில்லை, அதை நான் யாருக்கும் குற்றமாகச் சொல்ல மாட்டேன். சட்டம் ஒரு மாத அவகாசம் தருகிறது, அதற்குள் விலகினால் பிடித்தது திரும்ப வரும். ஆனால் அது நீங்களாக எடுத்த முடிவாக இருக்க வேண்டும். விலகச் சொல்லி முதலாளி தூண்டுவதைச் சட்டம் தடை செய்கிறது. வேலைக்குச் சேரும் அன்றே ஆப்ட் அவுட் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது.

வரி விஷயத்திலும் ஒரு நல்ல செய்தி. வருட வருமானம் 12,570 பவுண்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு வரியே இல்லை என்பதால், யூஎஸ்எஸ், டீச்சர்ஸ் பென்ஷன் போன்ற திட்டங்களில் வரிச்சலுகை இத்தனை காலம் கிடைக்காமல் போனது. 2024–25 வரி ஆண்டில் இருந்து அந்தச் சலுகையான 20 சதவீதத்தை வரித்துறையான எச்எம்ஆர்சி தானே கணக்குப் பார்த்து நேரடியாகத் தர ஏற்பாடு வந்திருக்கிறது. என்னைப் போல மூன்று வேலை பார்ப்பவர்கள், இரண்டாம் மூன்றாம் வேலைக்கு பிஆர் என்ற வரிக் குறியீட்டில் முதல் பவுண்டில் இருந்தே 20 சதவீதம் பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். அதிகம் பிடித்திருந்தால் திரும்ப வாங்கலாம். தேசியக் காப்பீட்டுப் பதிவையும் அரசு இணையத்தில் வருடம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அரசு ஓய்வூதியம் கொஞ்சமாவது வர அந்தப் பதிவில் 10 வருடம், முழுதாக வர 35 வருடம் தேவை. மணிக்கூலி வருடங்கள் அதில் ஓட்டையாக விழுவது எளிது.

இந்த 10,000 வரம்பு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி என்பதை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2023-ல் ஒரு சட்டம் வந்தது. 22 என்ற வயதைக் குறைக்கவும், அந்த 520 பவுண்டுக் கழிவை எடுத்துவிடவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. நான் இதை எழுதும் வரை அது நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் மூன்று வேலைகளையும் கூட்டிப் பார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. துண்டு துண்டாக வேலை கொடுக்கும் ஒரு துறை, அந்தத் துண்டுகளைத் தனித்தனியே எடை போட்டு ஒன்றும் தேறவில்லை என்று சொல்வது அநியாயம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பேரும் அவள் சம்பளச் சீட்டைப் பார்த்தோம். "நாற்பத்து மூணு பவுண்டுதான் கண்ணுக்குத் தெரியுதுக்கா, அவங்க கட்டறது சீட்டுல எங்கேயும் இல்லையே" என்றாள். பலரும் விலகுவதற்கு அது ஒரு காரணம் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவள் சம்பளத்தில் 28.68 சதவீதத்தைப் போனிலேயே கணக்குப் போட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ஆப்ட் அவுட் படிவத்தை அச்செடுத்து வைத்திருந்தாள் போல, அதன் பின்பக்கத்தில் தன் மணிக்கணக்கை எழுதத் தொடங்கினாள்: எந்த வாரம் எத்தனை வகுப்பு, எந்த மாதச் சீட்டில் எவ்வளவு வரவேண்டும்.

டிசம்பர் சீட்டு வந்ததும் படம் எடுத்து அனுப்பினாள். திருத்தும் கூலி ஒன்று விட்டுப்போயிருந்தது. கேட்டு எழுதியிருக்கிறாள்.